கனூ கனடாவின் சின்னம் என்றால், அது யாருடைய கனூ?

#1 நீரோடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் பள்ளியில் கனடாவின் தேசியச் சின்னம் ஒன்றை வரைந்து வரச் சொன்னார்கள். அவன் கனூ வரைந்தான். இந்தக் கோடையில்தான் முதல் முறையாக அதில் ஏறினான், இன்னும் அந்த நினைப்பிலேயே இருக்கிறான். பிர்ச் மரப்பட்டையில் செய்கிற படகு அது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதனால் படகு முழுக்க வெள்ளையாக விட்டு, மரத்தில் இருப்பதுபோலச் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகளும் போட்டான். ஆசிரியர் படத்தைப் பாராட்டிவிட்டு, "பட்டியலில் கனூ இல்லை, பீவரோ மேப்பிளோ வரைந்து வா" என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்கு முகமே வாடிப்போயிற்று.

தேடிப் பார்த்தேன். ஆசிரியர் சொன்னது சரிதான். பீவர் 1975-லேயே சட்டப்படி சின்னமாகிவிட்டது. 1994-ல் ஹாக்கியும் லக்ரோஸும், 1996-ல் மேப்பிள் மரம், 2002-ல் கனடியக் குதிரை. கனூவுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

ஆனால் எங்கே பார்த்தாலும் கனூதானே இருக்கிறது! 1935-ல் வந்த வெள்ளி டாலரில் கனூ. 2007-ல் சிபிசி வானொலி கனடாவின் ஏழு அதிசயங்களைத் தேர்ந்தெடுத்தபோது நயாகராவோடும் ராக்கி மலையோடும் கனூவும் இடம்பிடித்தது. ஜூன் 26 தேசிய கனூ நாள். பீட்டர்பரோவில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம். இவ்வளவு இருக்கும்போது சட்டப்படியும் அறிவித்துவிட்டால் என்ன? பீவரை நேரில் பார்த்தவர்களை விடக் கனூவில் ஏறியவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 வடகாற்று

அக்கா, தம்பியிடம் அந்தப் படத்தைக் கிழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வெள்ளி டாலர் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். அதை வடிவமைத்தவர் இமானுவேல் ஹான், ஜெர்மனியில் பிறந்து இங்கே வளர்ந்த சிற்பி. நம் 25 சதத்தில் இருக்கும் கரிபூ மானும் அவர் செய்ததுதான். கனூவில் இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள், ஒருவர் வொயாஜர் (தோல் வணிகக் கம்பெனிகளுக்காகக் கனூவில் சரக்கு ஏற்றிப் போன ஆள்), இன்னொருவர் பூர்வகுடி. பின்னால் ஒரு சிறு தீவு, வானத்தில் வடதுருவ ஒளி. நடுவில் தோல் மூட்டைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூட்டையில் ஹெச், பி என்று இரண்டு எழுத்து தெரியும். விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி.

இன்றைக்கு நம் பையில் கிடக்கும் ஒரு டாலரிலும் கனூதான் இருந்திருக்க வேண்டும். தாள் நோட்டை நிறுத்திவிட்டு நாணயம் கொண்டுவர முடிவு செய்தபோது பழைய கனூப் படத்தையே வைத்துக்கொள்வதாகத்தான் திட்டம். 1986 நவம்பரில் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் நாணயச்சாலைக்கு அனுப்பிய அச்சுகள் வழியில் தொலைந்துபோயின. யாராவது கள்ள நாணயம் அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் படத்தையே மாற்றினார்கள், லூன் பறவை வந்தது. அந்தப் பொட்டலம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் 1987-க்கு அப்புறம் இந்த நாட்டில் வளர்ந்த எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு கனூ கிடந்திருக்கும்.

அதனால் என் ஓட்டு "ஆமாம், அறிவிக்க வேண்டும்".

#3 கயல்

என் ஓட்டு "வேண்டாம்". கோபத்தில் சொல்லவில்லை. ஏன் என்று விளக்குகிறேன்.

அந்த நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு "வொயாஜர்" என்று பெயர் இருக்கிறது. நாணயத்துக்கே அவர் பெயர்தான், வொயாஜர் டாலர். பக்கத்தில் இருப்பவருக்கு "பூர்வகுடி" என்ற சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. எந்த மக்கள், எந்த மொழி, எதுவும் கிடையாது. ஆனால் படகு அவருடையது. மூட்டை கம்பெனியுடையது. முழுக் கதையும் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு கனூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹோடெனொஷோனி என்ற பூர்வகுடி மக்களிடம் இரட்டை வரிசை வாம்பம் என்று ஒரு பட்டை உண்டு. சிப்பி மணிகளைக் கோத்துச் செய்தது. வெள்ளை மணிகளுக்கு நடுவே இரண்டு ஊதாக் கோடுகள் இணையாக ஓடும். ஒரு கோடு ஐரோப்பியரின் கப்பல், மற்றது பூர்வகுடிகளின் கனூ. அவரவர் சட்டமும் வழக்கமும் அவரவர் படகில் இருக்கும். ஒரே ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் போவோம், ஒருவர் படகை மற்றவர் திருப்பக்கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களோடு செய்த உடன்பாடு என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

ஹான் செதுக்கிய படத்துக்கு முன்பே கனூ ஒரு சின்னமாக இருந்தது. அந்த வாம்பத்தில் அது கனடாவுக்கான சின்னம் கிடையாது. கப்பலில் வந்தவர்களோடு ஒன்றாகிவிடாமல் தனித்து நிற்பவர்களின் சின்னம். இப்போது கப்பல்காரர்கள் "கனூ எங்கள் தேசியச் சின்னம்" என்று சட்டம் போட்டால், அந்த இரண்டாவது கோட்டையும் எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும். நீரோடி அக்கா, உங்கள் மகன் வரைந்தது தவறு என்று சொல்ல வரவில்லை. சட்டம் போடுவதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன்.

#4 தூரதேசி

கயல், வாம்பம் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இத்தனை வருடமாக இங்கே இருந்தும் நான் அதை அறிந்ததே போன வருடம்தான்.

ஆனால் வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த நாட்டின் வரைபடத்தைப் போட்டதே கனூதான். வடக்கே ஆறுகளும் ஏரிகளும் பின்னிக் கிடக்கின்றன, நடுவில் சின்னச் சின்ன நிலத் துண்டுகள். ஐரோப்பியரின் கனமான படகை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அருவி வந்தால் படகைத் தூக்க முடியாது, பாறையில் உடைந்தால் காட்டில் பலகை அறுக்க முடியாது. பட்டைக் கனூவைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். கிழிந்தால் தைக்கப் பட்டையும் வேரும் பிசினும் அதே கரையில் வளர்கின்றன.

வொயாஜர்கள் மே மாதம் மொன்றியல் பக்கத்தில் லஷீனிலிருந்து கிளம்புவார்கள். ஒட்டாவா ஆறு, மட்டாவா, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு, ஜார்ஜியன் விரிகுடா, அப்புறம் சுப்பீரியர் ஏரி. 36 அடி நீளமுள்ள பெரிய கனூ, அதில் சரக்கு மட்டும் மூன்று டன்னுக்குக் குறையாது. ஒவ்வொரு மூட்டையும் 90 பவுண்டு, அதாவது 41 கிலோ. போர்ட்டாஜ் (படகையும் சரக்கையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய நிலத் துண்டு) வந்தால் நெற்றியில் தோல் பட்டை மாட்டி, முதுகில் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு மேடேறுவார்கள். சுப்பீரியரின் மேற்குக் கரையில் இருக்கும் கிராண்ட் போர்ட்டாஜ் மட்டும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அங்கிருந்து உள்ளே போக 25 அடி வடக்குக் கனூ.

1967-ல் கனடாவின் நூற்றாண்டு விழாவுக்கு அல்பர்ட்டாவின் ராக்கி மவுண்டன் ஹவுஸிலிருந்து மொன்றியல் வரை ஒரு கனூப் போட்டி வைத்தார்கள். எட்டு மாகாணங்கள், இரண்டு ஆட்சிப்புலங்கள், மொத்தம் பத்து அணி. 104 நாள், 3,283 மைல். மனிடோபா வென்றது. பியர் ட்ரூடோ பிரதமராக இருந்தபோதே 1970-ல் சவுத் நஹானி ஆற்றுக்குப் போய்ப் பயணம் செய்தார், பிறகு அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. அவர் கனூ ஓட்டும்போது போட்டிருந்த மான்தோல் சட்டை இப்போது பீட்டர்பரோவில் இருக்கிறது. இதையெல்லாம் வேஷம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மக்கள் உண்மையாகவே இதை நேசித்திருக்கிறார்கள்.

#5 கயல்

நேசிக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன் அண்ணா? நேசிப்பது வேறு, உரிமை கொண்டாடுவது வேறு.

நீங்கள் எழுதிய அதே பாதையில் அலெக்சாண்டர் மெக்கன்சியையும் பார்க்கலாம். 1793-ல் கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கடலைத் தொட்டார் என்று பாடத்தில் படிக்கிறோம். கடைசிக் கட்டத்தில் தன் கனூவை மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, பூர்வகுடிகளின் வணிகப் பாதையில் நடந்துதான் போனார். பெல்லா கூலா ஆற்றில் அவரைக் கடல் வரை இறக்கிவிட்டது நூஹாக் மக்களின் கனூ. பாறையில் எழுதி வைத்தது அவர் பெயர் மட்டும்.

#6 மரத்தச்சன்

வணக்கம். இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. தச்சு வேலை பார்த்தவன், இப்போது ஓய்வு. மூன்று வருடத்துக்கு முன்பு அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஆசான் ஒருவரிடம் இரண்டு வாரம் உதவிக்கு நின்று ஒரு பட்டைக் கனூ கட்டுவதைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், வாதத்துக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நாள் படகு வேலையே இல்லை, வேர் தோண்டினோம். ஸ்புரூஸ் மரத்தின் வேர் பாசிக்கு அடியில் மண்ணுக்குள் கயிறுபோல நீளமாக ஓடும். கையை விட்டுத் தடவிக்கொண்டே போக வேண்டும், அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அந்த வேருக்கு வட்டாப் என்று பெயர். தோலை உரித்துவிட்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். நுனியில் கீறி, ஒரு பாதியைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்றப் பாதியைக் கையால் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்து போனால் தடித்த பக்கத்தைக் கொஞ்சம் அதிகம் வளைக்க வேண்டும், பிளவு தானாக நடுவுக்கு வந்துவிடும். நாற்பது வருடம் உளி பிடித்த கை இது, என் வேர் ஒவ்வொன்றும் பாதியில் அறுந்தது. ஆசானின் தாயார் எண்பதைத் தாண்டியவர், பேசிக்கொண்டே ஆள் உயர வேர்களைப் பிளந்து போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் பட்டை. கோடைத் தொடக்கத்தில் மரத்தில் நீர் ஓடும்போது நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் முழுத் தாளாகக் கழன்று வரும். அதைத் தரையில் விரித்து, மேலே கல் ஏற்றி, ஓரங்களை மடக்கி மேலே தூக்கி, இரண்டு பக்கமும் முளை அடிப்பார்கள். அதுதான் வடிவம், வேறு அச்சு கிடையாது. தையல் முழுவதும் வேர். விலா எலும்புகள் வெள்ளைச் சிடார். ரம்பத்தால் அறுக்க மாட்டார்கள், பிளப்பார்கள், இழை அறாமல் இருக்க. கொதிநீரை ஊற்றி முழங்காலில் வைத்து வளைப்பார்கள். விலாவைப் பிடித்து நிறுத்த ஆணி இல்லை, பசை இல்லை. பட்டையை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, மேல் சட்டத்துக்கு அடியில் இறுகி நிற்கிறது. பட்டை உள்பக்கமாக இறுக்குகிறது, விலா உள்ளே இருந்து வெளியே தள்ளுகிறது, அந்த இழுபறியில்தான் படகு கெட்டியாகிறது. ஒவ்வொரு விலாவையும் அடித்து நேராக்கும்போது பறைபோல ஒரு சத்தம் வரும். கடைசி விலா ஏறும்போது அந்தச் சத்தம் மாறியதை நானே காதால் கேட்டேன்.

தையல் ஓட்டைகளை அடைக்க ஸ்புரூஸ் பிசினோடு கொழுப்பும் கரித்தூளும் கலந்து காய்ச்சிப் பூசுவார்கள். கொழுப்புக் குறைந்தால் குளிரில் வெடிக்கும், கூடினால் வெயிலில் ஒழுகும். ஒரு துண்டுப் பட்டையில் தடவி, குளிர்ந்த நீரில் முக்கி, வளைத்துப் பார்த்துத்தான் பதம் சொல்வார்கள்.

நீரோடி அம்மாவுக்கு ஒரு செய்தி. எல்லோரும் கனூவை வெளியே வெள்ளையாகத்தான் வரைகிறார்கள். உண்மையில் வெள்ளைப் பக்கம் படகின் உள்ளே இருக்கும். மரத்திலிருந்து உரித்த பட்டை தானாகவே வெள்ளைப் பக்கம் உள்ளே போகிற மாதிரித்தான் சுருளும், அந்தச் சுருளைத்தான் படகுக்குப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் படுவது மரத்தை ஒட்டியிருந்த உட்புறம். அது தேன் நிறத்தில் இருக்கும். தையல் ஓரமெல்லாம் பிசின் கறுப்பு.

#7 பனிப்பூ

மரத்தச்சன் ஐயா, உங்கள் பதிவை இரண்டு தரம் படித்தேன். அந்தத் தாயார் பற்றி எழுதியது மனதில் நின்றுவிட்டது. பட்டையைத் தைப்பதும் பிசின் பூசுவதும் பெரும்பாலும் பெண்கள் வேலையாக இருந்திருக்கிறது. கம்பெனிகளின் படகுகளுக்கும் வேரும் பிசினும் அவர்கள் கையிலிருந்துதான் போயின. நாணயத்தில் இரண்டு ஆண்கள் மட்டும் இருக்கிறார்கள்.

#8 சுழல்

விளையாட்டுப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. ஒலிம்பிக்கில் கனூப் போட்டி முழுமையாக நுழைந்தது 1936 பெர்லினில். அதில் சி-1, அதாவது ஒருவர் மட்டும் ஓட்டும் கனூ, ஆயிரம் மீட்டரில் பிரான்சிஸ் ஏமியாட் தங்கம் வாங்கினார், அந்த ஒலிம்பிக்கில் கனடாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம். ஜெர்மன்காரர்கள் இன்றும் திறந்த கனூவை "கனாடியர்" என்றே சொல்கிறார்கள். இங்கிலாந்திலும் "கனடியன் கனூ"தான். அதாவது சட்டம் போடாவிட்டாலும் வெளியே இருப்பவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

பெண்களுக்குக் கனூப் போட்டி வைக்க 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாரன்ஸ் வின்சென்ட் லபோயிண்ட் அங்கே வெள்ளி வாங்கினார். 2024 பாரிசில் கேட்டி வின்சென்ட் சி-1 200 மீட்டரில் தங்கம். ஒரு முழங்காலை ஊன்றி, ஒரே பக்கம் துடுப்புப் போட்டுக்கொண்டு, படகையும் நேராக ஓட்ட வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். நான் முதல் நாள் மூன்று முறை தண்ணீரில் விழுந்தேன்.

#9 நீரோடி

இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. ஐயா, வெள்ளை உள்ளே என்பதை மகனிடம் சொன்னேன். நம்ப மாட்டேன் என்றான், சனிக்கிழமை பீட்டர்பரோவுக்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கயல், நீங்கள் சொன்னது உறுத்துகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பூர்வகுடி மக்களே கனூவைச் சின்னமாக இன்றைக்குப் பயன்படுத்துகிறார்களா? இல்லை, அது பழைய பட்டையிலும் அருங்காட்சியகத்திலும் மட்டும்தானா?

#10 கயல்

இன்றைக்கும்தான் அக்கா. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

கியூபெக்கில் கிரேட் வேல் ஆற்றில் பெரிய நீர்மின் திட்டம் வரவிருந்தது. அந்த ஆற்றின் முகத்தில் க்ரீ மக்களும் இனுயிட் மக்களும் அடுத்தடுத்த ஊராக வாழ்கிறார்கள். 1990 குளிர்காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு கட்டினார்கள். பாதி க்ரீக்களின் கனூ, பாதி இனுயிட்களின் கயாக் என்ற மேல்மூடிய படகு. பெயரும் அப்படித்தான், ஓடேயாக். பனியில் சறுக்குவண்டியில் இழுத்து, சாலையில் ஏற்றி, ஆற்றில் இறக்கித் துடுப்புப் போட்டு, ஏப்ரலில் புவி நாளுக்கு நியூயார்க் சேர்ந்தார்கள். அந்த மின்சாரத்தை வாங்க இருந்தது நியூயார்க் மாநிலம், அதனால்தான் அங்கே. 1992-ல் நியூயார்க் ஒப்பந்தத்தைக் கைவிட்டது, 1994-ல் கியூபெக் அரசு திட்டத்தையே ஒதுக்கி வைத்தது. படகு மட்டுமே அதைச் செய்ததாகச் சொல்லவில்லை, வழக்குகளும் நீண்ட பிரச்சாரமும் இருந்தன. ஆனால் நியூயார்க் மக்கள் கண்ணால் பார்த்தது அந்தப் படகைத்தான்.

இரண்டாவது, மேற்குக் கரை. பனிப்பூ அங்கேதானே இருக்கிறார், அவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

#11 பனிப்பூ

சொல்கிறேன். இங்கே பிர்ச் பட்டை கிடையாது, கனூ என்றால் செஞ்சிடார் மரம். ஒற்றை அடிமரத்தைக் குடைந்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, சூடேற்றிய கற்களைப் போடுவார்கள். ஆவியில் மரம் இளகும்போது பக்கங்களை விரித்துக் குறுக்குச் சட்டம் வைப்பார்கள். மரத்தின் அகலத்தை விடப் படகு அகலமாகிவிடும். விரியும்போது விளிம்பின் நடுப்பகுதி தாழ்ந்து இரு முனைகளும் நிமிரும், அந்த அழகான வளைவு அப்படி வருவதுதான்.

இந்தக் கரையின் பூர்வகுடிகளில் ஒன்றான ஹைடாவைச் சேர்ந்த சிற்பி பில் ரீட், 1986 வான்கூவர் கண்காட்சிக்காக லூட்டாஸ் என்ற 50 அடிக் கனூவைச் செய்வித்தார். "அலை தின்னி" என்று பொருள். அடுத்த வருடம் ஹைடா மக்கள் அதை வான்கூவரிலிருந்து தங்கள் தீவுக்குத் துடுப்புப் போட்டே கொண்டுபோனார்கள். தீவின் தென்பகுதிக் காட்டை வெட்டக்கூடாது என்று அவர்கள் மறித்து நின்ற காலம் அது. படகு ஊர் சேர்ந்த அதே ஜூலையில்தான் அந்தக் காட்டைக் காக்கும் உடன்பாடும் கையெழுத்தானது.

வான்கூவர் விமான நிலையத்தில் இருக்கும் பச்சை வெண்கலக் கனூவும் ரீட் செய்ததுதான், முதலில் வார்த்த கறுப்புக் கனூ வாஷிங்டனில் கனடியத் தூதரகத்தில். 2004-க்கு அப்புறம் சில வருடம் 20 டாலர் நோட்டிலும் இருந்தது. கரடி, ஓநாய், கழுகு, எலிப்பெண் என்று 13 உருவங்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டும் இருக்கும். சுக்கான் துடுப்பு காகத்தின் கையில். ஊருக்குப் போகும்போதெல்லாம் விமானம் ஏறும் முன்பு அதைச் சுற்றி ஒரு நடை நடப்பேன். இந்த நாட்டுக்கு ஒரு கனூச் சின்னம் வேண்டும் என்றால் எனக்கு அதுதான், மூட்டை ஏற்றிய கனூ வேண்டாம்.

1989-ல் பல ஊர்ப் பூர்வகுடிகள் கனூவில் சியாட்டிலுக்குப் போனார்கள். 1993-ல் ஹைல்ட்சுக் மக்கள் எல்லோரையும் பெல்லா பெல்லாவுக்கு அழைத்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான கோடைகளில் ஏதாவது ஓர் ஊர் அழைக்கிறது. ஒரு தடவை கரையில் நின்று பார்த்தேன். படகு கரைக்குப் பக்கத்தில் வந்ததும் நிற்கிறது. உள்ளே இருப்பவர் எழுந்து, நாங்கள் இன்னார், இங்கிருந்து வருகிறோம், களைத்திருக்கிறோம், உங்கள் மண்ணில் இறங்க அனுமதி கேட்கிறோம் என்று தன் மொழியில் சொல்கிறார். கரையிலிருந்து வரவேற்பு வந்த பிறகுதான் கால் வைக்கிறார்கள்.

#12 வடகாற்று

அனுமதி கேட்டு இறங்குவது என்று பனிப்பூ எழுதியதைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை.

அப்பா ஒரு படகைப் பற்றி அடிக்கடி சொல்வார். நாணய அச்சுகள் தொலைந்த அதே 1986. ஆகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு கரை சேர்த்தார். அவர்களுக்கு எந்தக் கரையில் நிற்கிறோம் என்றுகூடத் தெரியாது. யாரிடம் அனுமதி கேட்பது? கேட்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நம்மவர்களுக்குப் படகு என்றால் முதலில் அந்தப் படகுதான் வரும். கனூ நம் வரலாறு இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் முதல் பதிவில் நான் "ஆமாம்" என்று போட்ட ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். சட்டம் போடுவதாக இருந்தால் கனூவைக் கட்டும் மக்களிடம் முதலில் கேட்கட்டும். ஒட்டாவாவிலிருந்து அறிவிப்பு மட்டும் வந்தால் போதாது.

#13 தூரதேசி

வடகாற்று சொன்னதோடு நானும் ஒத்துப்போகிறேன். மூட்டையில் ஹெச், பி என்று எழுதிய கம்பெனி 1670-ல் தொடங்கி 2025-ல் கடைசிக் கடைகளையும் மூடிவிட்டது. மரத்தச்சன் ஐயா பார்த்த வேர்த் தையல் நடந்துகொண்டிருக்கிறது. வில்லியம் கமாண்டா என்ற அல்கான்குவின் பூர்வகுடிப் பெரியவர் 2011-ல் 97 வயதில் காலமானார். கனூ கட்டுவதில் பேர்போனவர், தம் மக்களின் வாம்பம் பட்டைகளையும் காத்து வந்தவர். இரண்டும் ஒரே கையில் இருந்தது தற்செயல் இல்லை என்று இப்போது புரிகிறது.

கயல், முதலில் உங்களோடு வாதாடியதற்கு வருந்தவில்லை. வாதாடாவிட்டால் ஓடேயாக் பற்றி எனக்குத் தெரிந்திருக்காது.

#14 மரத்தச்சன்

சனிக்கிழமை பீட்டர்பரோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கட்டடம் இல்லை, 2024 மேயில் லிட்டில் லேக் கரையில் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டார்கள். 600-க்கு மேல் படகு இருக்கிறது, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். பட்டைக் கனூ ஒன்றின் முன் நின்று, விலாவுக்கும் பட்டைக்கும் நடுவே செருகியிருக்கும் மெல்லிய சிடார்ப் பலகைகளைப் பையனுக்குக் காட்டுங்கள். சில இடத்தில் காகிதம்போல இருக்கும். தையலில் வேர் எங்கே முடிகிறது என்று தேடச் சொல்லுங்கள், கண்டுபிடிப்பது கஷ்டம்.

#15 நீரோடி

போய் வந்தோம். வேர் முடியும் இடத்தைத் தேடி ஒரே கனூவின் முன் இருபது நிமிடம் குந்தியிருந்தான். இரண்டு இடம் கண்டுபிடித்தானாம், ஐயாவிடம் சொல்லச் சொன்னான்.

பள்ளிக்குப் பீவர் வரைந்து கொடுத்துவிட்டான், அதில் சண்டை போட வேண்டாம் என்று நானே சொன்னேன். கனூப் படத்தை வீட்டில் வைத்துக்கொண்டான். நேற்று இரவு அதைத் திரும்ப எடுத்து, வெளிப்பக்கம் முழுக்கத் தேன் நிறம் தீட்டி, தையல் ஓரம் கறுப்பு அடித்தான். முன்பு போட்ட கோடுகள் அடியில் மங்கலாகத் தெரிகின்றன. படகின் உட்பக்கத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறான். படகில் துடுப்புப் போடுவதாக முன்பு வரைந்திருந்த இரண்டு ஆண்களை அழித்துவிட்டான். கரையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார், வாயில் வேரின் ஒரு நுனி, கையில் மறு பாதி.